பதினான்கு முறை தவறு

நேவ்ராவை மண்புழுவைப் பற்றிப் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் மூன்று மணி நேரம் பேசுவாள். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மூன்று வரியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். துருக்கியிலிருந்து வந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்டன் ஃபால்ஸ் என்ற சின்னப் பல்கலைக்கழக ஊரில் ஆறு வருடமாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவளுக்கு, இனிமேலும் அங்கே தோண்ட வேண்டுமென்றால் தன்னைப் பற்றித்தான் பேசியாக வேண்டும் என்று வந்து நின்றது. ஆகஸ்டோடு அவளுடைய வேலை விசா முடிகிறது. அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கான மனு தேற வேண்டும். மனுவோ 'தலைசிறந்த ஆராய்ச்சியாளர்' என்கிற பிரிவில் போடப்பட்டிருந்தது. தான் தலைசிறந்தவள் என்று அவள் நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. பெரிய பேராசிரியர்கள் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார்கள், ஆனால் எழுத மாட்டார்கள். "நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். ஆகவே நம் பெருமையை நாமே உட்கார்ந்து, அடுத்தவர் குரலில், அவர் வியந்து வாய்பிளந்ததாக எழுத வேண்டும். கொஞ்சமாவது கூச்சநாச்சம் உள்ளவர்களுக்கு இதைவிடக் கொடுமையான பரீட்சை கிடையாது. நேவ்ரா ஒரு வாரம் முக்கி முனகி முதல் கடிதத்தை எழுதினாள். 'டாக்டர் நேவ்ரா மண்புழுக்கள் குறித்துச் சில வேலைகள் செய்திருக்கிறார். நேரத்துக்கு வருவார்.' பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக்காரர்களின் மனுக்களைக் கவனிக்கும் மார்லீன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது சயின்டிஸ்டுக்கா, வாட்ச்மேனுக்கா?"

"பொய் எழுத வரலை, மார்லீன்."

"பொய் யாரு எழுதச் சொன்னா? உண்மையைக் கொஞ்சம் சத்தமா எழுதுங்க."

அந்தச் சத்தத்தைப் போடுவதற்கு வீட்டிலேயே ஒரு ஆள் தயாராக இருந்தான். அவளுடைய கணவன் இல்கெர், பூர்சா நகரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொரு வருடம் துருக்கி இலக்கியம் நடத்தியவன். மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவனுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. சமைத்தான், வாசலில் பனி அள்ளினான், தெருவில் உள்ள எல்லா நாய்களின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொண்டான். புகழ ஒருவர் கிடைக்காமல் ஆறு வருடமாகத் தொண்டை வறண்டு கிடந்தவனிடம், மனைவியைப் புகழ வேண்டும், அதுவும் ஆறு தடவை என்று சொன்னால் விடுவானா? நான்கே நாளில் ஆறு கடிதங்களையும் எழுதி முடித்துவிட்டான்.

நார்வே, ஜப்பான், பிரேசில், கனடா, அமெரிக்காவில் இரண்டு என்று ஆறு பேராசிரியர்களுக்கும் கடிதங்கள் போயின. ஒரே வாரத்தில் ஆறு கையெழுத்தும் வந்து சேர்ந்தன. நார்வேக்காரர் கூடவே ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார். 'முதல் பத்தி அருமை. நான் இவ்வளவு நன்றாக எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.'

மார்ச் மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. மார்லீன் நேவ்ராவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கதவையும் சாத்தினார்.

"மனுவைத் தள்ளலை. ஆனா கேள்வி கேட்டிருக்காங்க. பதில் சொல்ல எண்பத்தேழு நாள் டைம். நேவ்ரா, உங்க கைக்கு என்னாச்சு?"

"கைக்கா?"

"ஆறு லெட்டர்லயும் கடைசில ஒரே வரி இருக்காம். படிக்கறேன், கேளுங்க. 'இத்தகைய ஆய்வைச் செய்த அவருடைய கைகளுக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும்.' நார்வேக்காரரும் அதையே சொல்றாரு, ஜப்பான்காரரும் அதையே சொல்றாரு, பிரேசில் அம்மாவும் அதையே சொல்றாங்க. ஏதாவது வியாதியா? அந்த ஆபீசர் பாவம், கவலைப்படற மாதிரிதான் எழுதியிருக்காரு."

நேவ்ராவுக்குக் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்தவர் கையால் செய்ததைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாழ்த்தைச் சொல்லாமல் எழுந்திருக்கும் துருக்கிக்காரர் இந்தப் பூமியிலேயே கிடையாது. பருப்பு சூப்புக்குச் சொல்வார்கள், பின்னிக்கொடுத்த ஸ்வெட்டருக்குச் சொல்வார்கள். மண்புழு ஆராய்ச்சிக்கும் சொல்லலாம் என்று இல்கெர் முடிவு செய்திருக்கிறான். கையெழுத்துப் போட்ட ஆறு மேதைகளில் ஒருவர்கூடக் கடைசி வரி வரைக்கும் வரவில்லை. முழுசாகப் படித்தவர் சம்பளத்துக்குப் படித்த அந்த அதிகாரி ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு லெட்டர்லயும் ஒரே வரியா? உனக்கு வேற வரியே கிடைக்கலையா?"

இல்கெர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். "அதைச் சொல்லாம எப்படிப் பாராட்டறதாம்? அது மரியாதை இல்ல?"

"நார்வேக்காரனுக்கு எதுக்குடா இந்த மரியாதை!"

"கத்துக்கட்டும், என் உசுரே. நல்லதுதானே?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இல்கெர் கத்தியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தான் கெடுத்துவிட்டோம் என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. போக வேண்டி வந்தால் பூர்சாவில் அவனுக்கு வேலை இருக்கிறது. அவளுக்குத்தான் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவளுடைய வேலை இந்த ஊர் மண்ணுக்கடியில் இருந்தது.

அவள் படித்தது துள்ளுபுழு என்று இந்தப் பக்கத்தில் சொல்கிற ஒரு மண்புழுவை. ஆசியாவிலிருந்து வந்தது. தொட்டால் பாம்புபோல் துள்ளும், காட்டு மண்ணைக் காப்பித்தூளாக ஆக்கிவிடும். பனிக்காலம் வந்தால் பெரிய புழுக்களெல்லாம் செத்துப்போகும். ஆனால் வசந்தத்தில் மறுபடியும் புழு இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? கடுகு அளவு முட்டைக்கூடுகள் பனிக்கடியில் உயிரோடு கிடந்து, வெயில் வந்ததும் பொரிக்கின்றன என்றாள் நேவ்ரா. அதைச் சொல்ல ஒரு பனிக்காலம் போதாது. கடும்பனி, லேசான பனி, பனியே விழாத வெறுங்குளிர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். விசாவோ மூன்று வருடம், மூன்று வருடமாகத்தான் கொடுத்தார்கள். அடுத்த பனிக்காலத்துக்கு இங்கே இருப்போம் என்று உறுதியாக நம்பி அவள் முட்டைக்கூடு வைத்த ஒரு பெட்டியைக்கூடப் புதைத்ததில்லை.

மறுநாள் நடந்ததைக் கேட்டதும் மார்லீன் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டார். "லெட்டரையெல்லாம் எழுதினது என் கணவர்னு நேரடியா எழுதிக் குடுங்க. மழுப்ப வேணாம். அதுக்கப்புறம் உங்க சிநேகிதர் இல்லாத ஒருத்தர், தன் கையால எழுதணும். யாரு உங்க வேலையை அதிகமா மேற்கோள் காட்டியிருக்கா?"

இருவரும் கணினியில் பட்டியலைத் திறந்தார்கள். மார்லீன் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பெயரில் நிறுத்தினார்.

"யாரு இந்த வென்டல் க்ரோசியர்? பதினாலு தடவை காட்டியிருக்காரே!"

"அவர் வேண்டாம்."

"பதினாலு, நேவ்ரா! என் புருஷன் முப்பது வருஷத்துல என் பேச்சைப் பதினாலு தடவை கேட்டதில்லை."

"பதினாலு தடவையும் நான் தப்புன்னு எழுதியிருக்கார்."

வெர்மான்டில் இருக்கும் பேராசிரியர் க்ரோசியருக்கு வயது எழுபத்து நான்கு. குளிரில் முட்டைக்கூடு எதுவும் பிழைப்பதில்லை, வருடா வருடம் செடித்தொட்டி மண்ணோடு புதுப் புழுக்கள்தான் வந்து சேர்கின்றன என்பது அவர் கட்சி. ஒரு மாநாட்டில் நேவ்ரா பேசி முடித்ததும் எழுந்து, 'டாக்டர் நேவ்ராவின் புழுக்கள் அவர் சொல்பேச்சைக் கேட்டு வளர்ந்தவை போலிருக்கிறது, என் புழுக்கள் அப்படியில்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். சபையே சிரித்தது. நேவ்ராவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். அறைக்குப் போனபிறகுதான் சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம் வரிசையாக வந்தன.

"அப்ப அவர்தான் வேணும்," என்றார் மார்லீன். "உங்களுக்கு வேண்டியவர்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க பாருங்க."

வேறு வழியில்லாமல் மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"க்ரோசியர் பேசறேன். நீ எழுதி அனுப்புவே, நான் கையெழுத்துப் போடணும், அதானே வழக்கம்?"

"இல்லைங்க புரொபசர், நீங்களே..."

"நல்லது. எனக்கு எழுதத் தெரியும். நினைக்கறதைத்தான் எழுதுவேன், பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

"நீ நினைக்கறது தப்புன்னு நினைக்கறேன்."

"தெரியுங்க, புரொபசர்." நேவ்ராவின் குரல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கத்திலிருந்து இல்கெர் கையை உயர்த்தி, அப்படியே அடக்கமா பேசு என்று சைகை காட்டினான்.

"எதுக்கும் ஒண்ணு கேட்டுக்கறேன். உன்னோட மூணாவது பனிக்காலம், பனியே சரியா விழாத வருஷம். அப்பவும் கூடு பிழைச்சுதுன்னு எழுதியிருக்கே. பெட்டியை வாரம் ஒரு தடவை திறந்து பாத்திருக்க மாட்டே. வசந்தத்துல பெட்டிக்குள்ள வெளிப்புழு ஏறியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். சோம்பேறித்தனம்."

அந்தக் கடைசி வார்த்தையில் நேவ்ராவின் கையிலிருந்த தேநீர்க் குவளை ணங்கென்று மேஜையில் உட்கார்ந்தது.

"யாரைச் சோம்பேறின்னு சொல்றீங்க? மைனஸ் இருபத்தெட்டுல கடப்பாரையால மண்ணை உடைச்சிருக்கேன்! வாராவாரம்! ஒவ்வொரு பெட்டியிலயும் தெர்மாமீட்டர் புதைச்சிருக்கேன். நாநூத்திப் பன்னெண்டு கூடு. ஒவ்வொண்ணும் எந்த நாள் பொரிச்சுதுன்னு எங்கிட்ட இருக்கு. பின்னிணைப்புல போட்டிருக்கேன், பாத்தீங்களா?"

"பின்னிணைப்பை யாரு படிக்கறா?"

"மத்தவங்க தப்புன்னு பதினாலு தடவை எழுதறவங்க படிக்கணும்!"

இல்கெர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். யாரிடம் பிச்சை கேட்டு நிற்கிறோமோ அவரையே வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். செடித்தொட்டி மண்ணில் தொடங்கி, அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் எழுதிய கட்டுரையில் போட்ட கூட்டல் பிழை வரைக்கும் போனாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தேநீர் ஆறிப்போய், இல்கெர் வேறு தேநீர் போட்டு, அதுவும் ஆறிப்போயிற்று. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'ம்' மட்டும் வந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

"லெட்டர் போச்சு," என்றாள் நேவ்ரா.

"போகட்டும்," என்றான் இல்கெர். "ஆனா இந்தக் குரலை அந்த ஆறு லெட்டர்ல போட்டிருக்கலாம். எனக்கு இப்படி எழுத வராது."

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. க்ரோசியரிடமிருந்து தகவலே இல்லை. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மார்லீன் பெயருக்கு வெர்மான்டிலிருந்து ஒரு தபால் வந்தது. மார்லீன் இருவரையும் வரச்சொல்லி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

'ஐயா, டாக்டர் நேவ்ரா சொல்வது தவறு.'

மார்லீன் நிமிர்ந்து பார்த்தார். இல்கெர் கண்ணை மூடிக்கொண்டான். முதல் பக்கம் முழுக்க அதுதான். எங்கே தவறு, எப்படித் தவறு, எந்த அட்டவணையில் தவறு என்று புட்டுப்புட்டு வைத்திருந்தார். மார்லீனின் குரல் வரி வரியாக இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவது பக்கத்தைப் புரட்டியபோது அதைப் படிக்கவே அவருக்கு மனமில்லை.

'தவறான ஒருவருக்குப் பதினான்கு முறை பதில் எழுத எனக்கு ஏன் நேரம் இருந்தது என்று தாங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பல பேர் தவறாக எழுதுகிறார்கள்; அவர்களுக்கு நான் ஒரு வரிகூடச் செலவழிப்பதில்லை. இவர் எழுதியதைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இவருக்குப் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைக்க முடிந்தது. என் கடந்த ஐந்து வருட வேலையில் நல்லது எதுவோ, அது இவரை மறுக்கப்போய் வந்ததுதான். அவருடைய பின்னிணைப்பை இப்போதுதான் முழுவதும் படித்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. மூன்றாவது பனிக்காலத்தைப் பொறுத்தவரை அவர் சரியாக இருக்கலாம். இதை நான் வேறெங்கும் எழுதமாட்டேன்.

இந்த நாட்டில் இந்த விஷயம் முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு எழுபத்து நான்கு வயது. மற்றவரைத் திருப்பி அனுப்புவதா என்பதைத் தாங்கள் முடிவு செய்ய வேண்டும். அனுப்பிவிட்டால் நான் தனியாகத்தான் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.'

மார்லீன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"ரெண்டாவது பக்கம் தங்கம். ஆனா முதல் பக்கத்தோட ஆபீசர் நிறுத்திட்டார்னா? மேஜைல நூறு ஃபைல் இருக்கும் அவருக்கு. பக்கத்தை மாத்தி எழுதித் தரச்சொல்லிக் கேக்கலாமா?"

"நானே கேக்கறேன்," என்றான் இல்கெர். "ஒண்ணும் வேண்டாம், ரெண்டாவது பக்கத்தைத் தூக்கி முதல்ல வெச்சா போதும். நடுவுல ரெண்டே ரெண்டு வரி நான் சேர்த்துக் குடுத்தா..."

"நீ பேனாவைத் தொட்டே, தெரியும் சேதி!"

நேவ்ரா கடிதத்தை வாங்கித் தானே இன்னொரு தரம் படித்தாள். முதல் பக்கத்தைத்தான் படித்தாள். எந்த அட்டவணை, எந்த வரி, எந்த எண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவமானத்தில் இல்லை. சந்தோஷத்தில்தான்.

"ஆறு பேர் என்னைத் தலைசிறந்தவள்னு சொன்னாங்க. ஒருத்தர்கூட என்னைப் படிக்கலை. இவர் படிச்சிருக்கார், மார்லீன். பின்னிணைப்பு வரைக்கும் படிச்சிருக்கார். முதல் பக்கம் இல்லேன்னா ரெண்டாவது பக்கத்துக்கு என்ன மதிப்பு? ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அனுப்புங்க. போனா போகட்டும்."

அப்படியே போனது. கூடவே, முந்தைய கடிதங்களை எழுதியவன் நான்தான், என் மனைவியின் கைகள் நலமாக இருக்கின்றன என்று இல்கெர் கையெழுத்திட்ட ஒரு பக்க வாக்குமூலமும் போனது. அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லி மார்லீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை.

ஜூலை மூன்றாம் வாரம் மனு ஏற்கப்பட்டது. எதற்காக ஏற்றார்கள் என்று அந்த அலுவலகம் சொல்வதில்லை, ஒரே ஒரு தாள்தான் அனுப்பும். மார்லீன் அந்தத் தாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடைக்கூடம் முழுக்க ஓடிவந்தார். அன்றைக்கு இல்கெர் போட்ட விருந்தில் பல்கலைக்கழகத்தின் மூன்று துறைகளைச் சேர்ந்தவர்கள் சாப்பிட்டார்கள். எல்லாரையும் நிறுத்திவைத்து அந்த வாழ்த்தைத் துருக்கியிலேயே சொல்லவைத்த பிறகுதான் இனிப்பை எடுத்துவைத்தான்.

இருவருக்கும் வசிப்புரிமை அட்டை நவம்பர் முதல் வாரம் தபாலில் வந்தது. தன் அட்டையைக் கையில் வாங்கியதும் இல்கெர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டான். நேவ்ரா வெர்மான்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"கார்டு வந்துடுச்சு, புரொபசர்."

"நல்லது. என் லெட்டரால இருக்காதே?"

"உங்க லெட்டராலதான்."

"அடக் கடவுளே. சரி, வெச்சுடட்டுமா?"

"இருங்க. மூணாவது பனிக்காலத்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதைப் பத்திரிகைல எழுதுங்க."

"முடியாது. அது அரசாங்கத்துக்கும் எனக்கும் நடுவுல."

"உண்மை எல்லாருக்கும் பொதுவில்லையா?"

"இன்னிக்கு ஒண்ணை ஒத்துக்கிட்டா, நாளைக்கு மிச்சம் பதிமூணையும் கேப்பே."

"கண்டிப்பா கேப்பேன்."

"கேட்டுக்கிட்டே இரு. நான் எழுதறதா இல்லை."

முன்பென்றால் நேவ்ரா அந்த இடத்தில் 'சரிங்க புரொபசர்' என்று சொல்லிவிட்டு, நாள் இல்லையே, விசா இல்லையே என்று உள்ளுக்குள் பதறியிருப்பாள். இப்போது நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பரவாயில்லைங்க, அவசரமே இல்லை. இந்தப் பனிக்காலம் இல்லேன்னா அடுத்த பனிக்காலம் எழுதுங்க. அதுவும் முடியலேன்னா அதுக்கடுத்தது. நான் இங்கதான் இருக்கப்போறேன்."